ஆயிரம் ஸ்பிட்ஃபயர் ஆர்டர், கையில் ஒன்றுகூட இல்லை: காசில் பிராம்விச் தொழிற்சாலையின் கதை

1940 மே மாதம். ஜெர்மானிய டாங்கிகள் பிரான்சுக்குள் பாய்ந்துகொண்டிருக்கின்றன. அடுத்தது தங்கள் முறை என்று பிரிட்டனுக்குத் தெரிந்துவிட்டது. கடலைத் தாண்டி வரும் எதிரியைத் தடுக்க வேண்டுமானால் முதலில் வானத்தைக் காக்க வேண்டும். அதற்குப் போர் விமானங்கள் வேண்டும், அதுவும் உடனே வேண்டும்.

அந்த நேரத்தில் பர்மிங்காம் நகருக்கு அருகே காசில் பிராம்விச் என்ற இடத்தில் ஒரு பிரம்மாண்டமான விமானத் தொழிற்சாலை இருந்தது. அரசாங்கம் அதற்கு 40 லட்சம் பவுண்டுக்கு மேல் கொட்டியிருந்தது. அன்றைக்குக் கிடைத்தவற்றிலேயே நவீனமான மெஷின்கள் அங்கே இருந்தன. பிரிட்டனின் மிகப் பெரிய கார் உற்பத்தியாளர் அதை நடத்தினார். 1,000 ஸ்பிட்ஃபயர் விமானங்களுக்கான ஆர்டரும் கையில் இருந்தது. ஏப்ரல் மாதம் முதல் வாரத்துக்கு 60 விமானம் தருவதாக வாக்கும் கொடுத்திருந்தார்கள்.

மே மாதம் பாதி முடிந்தபோது அங்கிருந்து வெளியே வந்த ஸ்பிட்ஃபயர்களின் எண்ணிக்கை பூஜ்யம்!

ஒரு பாதுகாப்புத் தளவாட நிறுவனம் திறமையாக இயங்க என்னென்ன வேண்டும் என்று கேட்டால் பாடப் புத்தகம் உடனே பட்டியல் போட்டுவிடும். மூலதனம், இயந்திரம், மூலப்பொருள், தொழிலாளர், நிர்வாகம், நிச்சயமான சந்தை. காசில் பிராம்விச்சில் இவற்றில் பெரும்பாலானவை இருந்தன. இருந்தும் ஏன் விமானம் வரவில்லை? இந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் போனால் பட்டியலில் இல்லாத பல விஷயங்கள் கிடைக்கின்றன.

அழகான இறக்கை, கஷ்டமான இறக்கை

முதலில் ஸ்பிட்ஃபயரைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். சவுத்தாம்ப்டனில் இருந்த சூப்பர்மரைன் என்ற சிறிய நிறுவனத்தின் படைப்பு அது. வடிவமைத்தவர் ஆர்.ஜே.மிட்செல். 1936 மார்ச் 5 அன்று அதன் மாதிரி விமானம் முதன்முதலாகப் பறந்தது. மூன்றே மாதத்தில், ஜூன் 3 அன்று, 310 விமானங்களுக்கு ஆர்டர் வந்துவிட்டது. மிட்செல் அடுத்த ஆண்டே 42 வயதில் புற்றுநோயால் இறந்துபோனார். தன் விமானம் போரில் பறந்ததை அவர் பார்க்கவில்லை.

சூப்பர்மரைன் அதுவரை பெரும்பாலும் செய்துவந்தது கடல் விமானங்கள். அவற்றைச் சிறிய எண்ணிக்கையில், ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்துச் செய்வார்கள். திடீரென்று 310 விமானம் என்றதும் நிறுவனம் திணறியது. வேலையைப் பல நிறுவனங்களுக்குச் சப்-காண்ட்ராக்ட் விட வேண்டும் என்று அரசு சொன்னது. வரைபடங்களை வெளியே கொடுக்கத் தாய் நிறுவனமான விக்கர்ஸ் தயங்கியது. கொடுத்த பிறகும் சிக்கல் தீரவில்லை. உடல் பகுதிகள் தயாராகி இறக்கைக்காகக் காத்துக் கிடந்தன.

காரணம் அந்த இறக்கைதான். ஸ்பிட்ஃபயரின் நீள்வட்ட இறக்கை பார்க்க மிக அழகு, பறக்க மிக லாவகம், செய்யத்தான் தலைவலி. அதன் முதுகெலும்பு போன்ற பிரதான தண்டு, ஒன்றுக்குள் ஒன்று செருகிய சதுரக் குழாய்களால் ஆனது. இறக்கையின் முன் விளிம்புக்குத் தடித்த உலோகத் தகட்டை வளைத்துப் பொருத்த வேண்டும். மேல் தகடே பாரத்தைத் தாங்கும் அமைப்பு என்பதால் ஒரு ரிவெட் தவறினாலும் பிசகுதான்.

முதல் உற்பத்தி விமானம் பறந்தது 1938 மே மாதம், அதாவது ஆர்டர் கொடுத்து ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் கழித்து. இடையில் அரசு வெறுத்துப்போய், 310-ஐ முடித்ததும் ஸ்பிட்ஃபயரையே நிறுத்திவிட்டு அந்த நிறுவனத்தை வேறு விமானம் செய்யச் சொல்லலாமா என்றுகூட யோசித்தது.

இதே ஜூன் 3 அன்றுதான் ஹாக்கர் நிறுவனத்துக்கு 600 ஹரிக்கேன் விமானங்களுக்கு ஆர்டர் கிடைத்தது. ஹரிக்கேன் 1937 டிசம்பரிலேயே படைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. இத்தனைக்கும் ஹரிக்கேன் வேகத்தில் ஸ்பிட்ஃபயரை விடக் குறைவு. ஆனால் எஃகுக் குழாய்ச் சட்டம், பின் உடலுக்குத் துணி போர்த்துதல் என்று ஹாக்கர் தொழிலாளர்களுக்கு ஏற்கெனவே கை வந்த முறையிலேயே அதை வடிவமைத்திருந்தார்கள். ஆர்டர் வருவதற்கு முன்பே, மார்ச் மாதத்திலேயே, 1,000 விமானம் செய்யத் தயாராகும்படி ஹாக்கர் நிர்வாகம் தன் பட்டறைக்குச் சொல்லிவிட்டது. 1940-ல் பிரிட்டன் வானத்தில் ஸ்பிட்ஃபயரை விட ஹரிக்கேன் அதிகமாக இருந்ததற்குக் காரணம் இதுதான். புகழ் மட்டும் ஸ்பிட்ஃபயருக்குப் போய்விட்டது, பாவம்.

நிழல் தொழிற்சாலைகள்

1935, 36 ஆண்டுகளில் பிரிட்டிஷ் அரசு ஒரு திட்டம் போட்டது. அதற்கு நிழல் தொழிற்சாலைத் திட்டம் என்று பெயர். அரசே பணம் போட்டுத் தொழிற்சாலை கட்டும், கார் நிறுவனங்கள் அதை நடத்தும். கார் செய்யத் தெரிந்தவர்களுக்கு எஞ்சினும் விமானமும் செய்வது எட்டாத வித்தை இல்லை என்பது கணக்கு. ஆஸ்டின், ரோவர், டெய்ம்லர் போன்ற நிறுவனங்கள் சேர்ந்தன.

சேராமல் போனவர் ஒருவர், லார்ட் நஃபீல்ட். ஆக்ஸ்ஃபோர்டில் சைக்கிள் பழுதுபார்க்கும் கடையில் தொடங்கி மோரிஸ் மோட்டார்ஸ் என்ற சாம்ராஜ்யத்தைக் கட்டியவர். விமானத்துறை அமைச்சர் லார்ட் ஸ்வின்டனுக்கும் அவருக்கும் 1936-ல் பகிரங்கமாகவே சண்டை வந்தது. நஃபீல்ட் கோபித்துக்கொண்டு ஒதுங்கிவிட்டார்.

1938 மே மாதம் ஸ்வின்டன் பதவி விலகினார். புதிய அமைச்சர் கிங்ஸ்லி வுட் விமானத் துறைக்கு முற்றிலும் புதியவர். பத்திரிகைகளும் பாராளுமன்றமும் விமானம் எங்கே என்று குடைந்துகொண்டிருந்தன. நாட்டின் மிகப் பெரிய கார் உற்பத்தியாளரைச் சமாதானப்படுத்தி உள்ளே கொண்டுவந்தால் நல்ல பெயர் கிடைக்கும். அப்படித்தான் 1,000 ஸ்பிட்ஃபயர் நஃபீல்டிடம் போனது. இந்த முடிவில் அரசியல் எவ்வளவு, தொழில்நுட்பம் எவ்வளவு என்று பிரித்துப் பார்த்தால் அரசியல்தான் கனமாக இருக்கும். செய்யக் கஷ்டமான விமானம் என்று நிரூபணமான ஒன்றை, விமானத் தகட்டு வேலையில் அனுபவமே இல்லாதவரிடம், மற்ற எல்லாவற்றையும் விடப் பெரிய ஆர்டராகக் கொடுத்தார்கள்.

1938 ஜூலை 12 அன்று காசில் பிராம்விச் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் நிலம் வாங்கப்பட்டது. வயல்களும் ஒரு கழிவுநீர்ப் பண்ணையும் இருந்த இடம் அது. வேலை தொடங்கி இரண்டே மாதத்தில் மெஷின்களை இறக்க ஆரம்பித்துவிட்டார்கள். 20 லட்சம் பவுண்டு என்று போட்ட மதிப்பீடு 1939 தொடக்கத்திலேயே இரண்டு மடங்கைத் தாண்டியது.

காரும் விமானமும் ஒன்றா?

கார் தொழிலின் வெற்றி ரகசியம் ஒன்றே ஒன்று. வடிவமைப்பை ஒருமுறை முடிவு செய், பிறகு தொடாதே. விலை உயர்ந்த அச்சுகளையும் ஜிக்குகளையும் செய்து வைத்துக்கொண்டு லட்சக்கணக்கில் ஒரே பொருளை அடித்துத் தள்ளு. அச்சுக்கு எவ்வளவு செலவானாலும் லட்சம் கார்களில் பிரித்துவிட்டால் ஒரு காருக்குச் சில்லறைக் காசுதான் வரும்.

போர் விமானம் அப்படி இல்லை. எதிரி ஒரு புதிய துப்பாக்கியைப் பொருத்தினால் இங்கே விமானிக்குப் பின்னால் ஒரு கவசத் தகடு வேண்டும். எஞ்சின் மாறும். பெட்ரோல் டேங்குக்கு உறை வேண்டும். போர்க்களத்திலிருந்து வரும் ஒவ்வொரு கடிதமும் தொழிற்சாலையில் ஒரு வரைபடத்தைத் திருத்தும். கார் முதலாளிக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்தது. விமான அமைச்சகம் மாற்றிக்கொண்டே இருந்தால் நாங்கள் எப்படிச் செய்வது என்பது நஃபீல்ட் தரப்பின் நிரந்தரப் புகார். அந்தப் புகாரில் நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. எப்போது மாற்ற வேண்டும், எப்போது கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும் என்பது வாங்குபவருக்கும் தெரிந்திருக்க வேண்டுமல்லவா?

ஆனால் காசில் பிராம்விச் நிர்வாகம் செய்தது வேறு. சூப்பர்மரைன் ஏற்கெனவே இரண்டு ஆண்டு தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொண்டு உருவாக்கிய வரைபடங்களையும் கருவிகளையும் ஒதுக்கி வைத்துவிட்டுத் தங்கள் பாணியில் சொந்தமாக வரையத் தொடங்கினார்கள். சின்ன ஊர்க் கம்பெனிக்காரனுக்கு மொத்த உற்பத்தி பற்றி என்ன தெரியும் என்ற நினைப்பு! சவுத்தாம்ப்டன் செய்து திருத்திக்கொண்ட தவறுகளையெல்லாம் பர்மிங்காம் முதலிலிருந்து செய்தது.

தொழிலாளர் பக்கமும் சிக்கல் இருந்தது. அந்த வட்டாரத்தில் கார்த் தொழிலில் பழகியவர்கள் ஏராளம். ஆனால் பாரம் தாங்கும் உலோகத் தகட்டை அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில் பொருத்துவது அவர்களுக்குப் புதிது. பயிற்சிக்கு நேரம் ஆனது. கூலித் தகராறு வேறு. முழு வேலைநிறுத்தம் என்று இல்லாவிட்டாலும், கேட்ட கூலி கிடைக்கும்வரை வேலையை மெதுவாக்குவோம் என்ற மிரட்டல் அடிக்கடி எழுந்தது. இதைப் படிக்கும்போது தொழிலாளர்கள் மேல் கோபம் வரலாம். ஆனால் வரைபடமும் கருவியும் தயாராகாத தொழிற்சாலையில் அவர்கள் வேகமாகச் செய்வதற்கு என்ன வேலை இருந்தது என்ற கேள்வியும் இருக்கிறது. கட்டடமே முழுதாக முடியவில்லை.

ஒரு தொலைபேசி அழைப்பு

1940 மே 10 அன்று சர்ச்சில் பிரதமரானார். நான்கு நாளில் விமான உற்பத்திக்கென்றே ஒரு தனி அமைச்சகம் தொடங்கி அதைத் தன் நண்பர் லார்ட் பீவர்புரூக்கிடம் கொடுத்தார். இவர் கனடாவிலிருந்து வந்தவர், டெய்லி எக்ஸ்பிரஸ் பத்திரிகையின் முதலாளி, யாரையும் தூங்கவிடாத மனிதர். அவருடைய மகன் விமானப்படையில் போர் விமானி. ஆகவே விமானம் தாமதமாவது அவருக்கு வெறும் புள்ளிவிவரம் இல்லை.

மே 17 அன்று பீவர்புரூக் நஃபீல்டைத் தொலைபேசியில் அழைத்தார். அன்று நடந்ததாகச் சொல்லப்படும் கதை சுவையானது. விமானம் எங்கே என்று இவர் கேட்க, அவர் தன்னை நியாயப்படுத்திக்கொண்டே போய்க் கடைசியில் கோபத்தில், அப்படியானால் ஸ்பிட்ஃபயர் பொறுப்பை நான் விட்டுவிட வேண்டும் என்கிறீர்களா என்ற பொருளில் கத்தினாராம். மிக்க நன்றி, ஏற்றுக்கொள்கிறேன் என்று பீவர்புரூக் போனை வைத்துவிட்டாராம்! உரையாடல் இதே வார்த்தைகளில் நடந்ததோ இல்லையோ, அன்றோடு தொழிற்சாலை நஃபீல்ட் கையைவிட்டுப் போனது உண்மை.

நிர்வாகம் விக்கர்ஸிடம் ஒப்படைக்கப்பட்டது. சவுத்தாம்ப்டனிலிருந்து சூப்பர்மரைனின் அனுபவம் வாய்ந்த மேலாளர்களும் தொழிலாளர்களும் பர்மிங்காமுக்கு அனுப்பப்பட்டார்கள். ஜூன் மாதம் 10 ஸ்பிட்ஃபயர் வெளிவந்தன. கணக்குக் காட்டுவதற்காகச் சவுத்தாம்ப்டனிலிருந்து பாகங்களைக் கொண்டுவந்து பூட்டியவை அவை என்று கூறுவோர் உண்டு. இருக்கலாம். ஆனால் ஜூலையில் 23, ஆகஸ்டில் 37, செப்டம்பரில் 56 என்று எண்ணிக்கை ஏறியது. இத்தனைக்கும் ஆகஸ்டில் அந்தத் தொழிற்சாலை மேல் குண்டும் விழுந்தது.

அதே கட்டடம், அதே மெஷின், பெரும்பாலும் அதே தொழிலாளர்கள். புதிதாக வந்தது இந்த விமானத்தை ஏற்கெனவே செய்து பழகிய சில கைகளும், அவர்கள் சொல்வதைக் கேட்கத் தயாரான நிர்வாகமும்தான்.

பெருமை யாருக்கு?

பீவர்புரூக் ஒரு மாயாஜாலக்காரர் என்று எழுதுபவர்கள் பலர். எண்களைப் பார்த்தால் கொஞ்சம் நிதானிக்க வேண்டியிருக்கிறது. பிரிட்டனில் 1940 பிப்ரவரியில் உற்பத்தியான போர் விமானங்கள் 143. ஏப்ரலில் 256. மே மாதம் 325. ஜூன் 446, ஜூலை 496. அதாவது அவர் நாற்காலியில் உட்காரும் முன்பே வரைகோடு மேலே ஏறத் தொடங்கிவிட்டது. ஒரு தொழிற்சாலைக்கு நிலம் வாங்கி, மெஷின் இறக்கி, ஆள் பழக்கி விமானம் வெளிவர இரண்டு மூன்று ஆண்டு ஆகும். 1940 கோடையின் அறுவடைக்கு விதைத்தவர்கள் பதவி இழந்த ஸ்வின்டனும், விமானப்படையின் உற்பத்திப் பொறுப்பில் இருந்த வில்ஃப்ரிட் ஃப்ரீமனும். முந்தைய தாமதத்துக்கும் வேர் பின்னால்தான் இருக்கிறது. வழக்கமான வியாபாரத்துக்கு இடைஞ்சல் வராமல்தான் ஆயுத உற்பத்தி நடக்க வேண்டும் என்று அரசே ஒரு விதி வைத்திருந்தது. 1938 மார்ச்சில்தான் அது நீக்கப்பட்டது.

பீவர்புரூக் செய்த உருப்படியான காரியம், ஸ்பிட்ஃபயர், ஹரிக்கேன், மூன்று வகைக் குண்டுவீச்சு விமானங்கள் என ஐந்தை மட்டும் தேர்ந்தெடுத்து, மூலப்பொருளும் மெஷினும் முதலில் இவற்றுக்கே என்று உத்தரவு போட்டது. அதற்கும் விலை இருந்தது. மற்ற விமானங்களின் வேலை பின்தங்கியது.

வாரத்துக்கு ஏழு நாள், 60 மணி 70 மணி நேரம் என்று தொழிலாளர்களை வேலை வாங்கியதும் இந்தக் காலத்தில்தான். முதல் சில வாரம் உற்பத்தி எகிறியது. பிறகு களைப்பு, உடல்நலக் குறைவு, ஆப்சென்ட். கோடை முடிவதற்குள் வேலை நேரத்தைக் குறைக்க வேண்டியதாயிற்று. மேலே உள்ள வரிசை ஜூலையோடு நிற்பதைக் கவனித்திருப்பீர்கள். ஆகஸ்டில் 476, செப்டம்பரில் 467. குண்டுவீச்சும் ஒரு காரணம்தான், ஆனால் மனித உடம்புக்கும் ஒரு கொள்ளளவு உண்டு.

வீட்டிலுள்ள அலுமினியப் பாத்திரங்களைக் கொடுங்கள், ஸ்பிட்ஃபயர் ஆக்குகிறோம் என்று ஜூலையில் ஒரு வேண்டுகோள் விடப்பட்டது. குடும்பப் பெண்கள் அண்டா குண்டானைக் கொண்டுவந்து குவித்தார்கள். அதில் விமானத்துக்கு எவ்வளவு பயன்பட்டது என்பது சந்தேகமே. 5,000 பவுண்டு நன்கொடை கொடுத்தால் ஒரு ஸ்பிட்ஃபயருக்குப் பெயர் வைக்கலாம் என்ற திட்டமும் வந்தது. ஒரு விமானத்தின் உண்மையான செலவு அதைவிட அதிகம். இந்தியாவிலிருந்தும் பணம் போனது. போரில் ஸ்பிட்ஃபயர் ஓட்டிய 234-ஆம் விமானப்படைப் பிரிவுக்கு 'மெட்ராஸ் பிரசிடென்சி' என்று பெயர் இருந்தது பலருக்குத் தெரியாத செய்தி.

நஃபீல்ட் உண்மையிலேயே திறமையற்றவரா?

இங்கேதான் கதை சுவாரசியமாகிறது. அதே நஃபீல்டின் நிறுவனம் ஆக்ஸ்ஃபோர்டு அருகே கௌலியில் டைகர் மாத் என்ற பயிற்சி விமானத்தை 3,000-க்கும் மேல் செய்து கொடுத்தது. மரமும் துணியுமான எளிய விமானம் அது, வடிவமைப்பும் அடிக்கடி மாறாதது. கார்த் தொழிற்சாலை முறைக்கு ஏற்ற வேலை.

இன்னொன்று இதைவிட முக்கியம். சேதமடைந்த விமானங்களைப் பழுதுபார்க்கும் சிவிலியன் ரிப்பேர் அமைப்பு கௌலியிலிருந்துதான் இயங்கியது. நாடெங்கும் உள்ள பட்டறைகளை இணைத்து, உடைந்த விமானங்களை லாரிகளில் அள்ளிவந்து, ஒன்றின் இறக்கையை இன்னொன்றுக்குப் பூட்டி மறுபடி பறக்கவிட்டார்கள். பிரிட்டன் வான்போரின்போது படைப் பிரிவுகளுக்குப் போன போர் விமானங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இப்படிப் பழுதுபார்த்து வந்தவைதான் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. காசில் பிராம்விச் தராத விமானங்களை நஃபீல்டின் ஆட்கள் வேறு வழியில் தந்தார்கள் என்றுகூடச் சொல்லலாம். சைக்கிள் கடையில் தொடங்கியவருக்கு ரிப்பேர் வேலை கைவந்ததில் ஆச்சரியமில்லை!

ஆக, ஒரு நிறுவனம் திறமையானது, இன்னொன்று திறமையற்றது என்று பொதுவாக முத்திரை குத்துவது சரியில்லை. எந்த வேலைக்கு என்று சேர்த்துக் கேட்க வேண்டும்.

கற்றல் வளைவு என்றொரு விஷயம்

1936-ல் அமெரிக்காவின் கர்ட்டிஸ்-ரைட் நிறுவனப் பொறியாளர் டி.பி.ரைட் ஒரு கட்டுரை வெளியிட்டார். விமானத்தின் விலையைப் பாதிக்கும் காரணிகள் என்பதே அதன் தலைப்பு. மொத்த உற்பத்தி எண்ணிக்கை இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் ஒரு விமானத்துக்கான உழைப்பு நேரம் சுமார் 20 விழுக்காடு குறைகிறது என்று அவர் காட்டினார். உதாரணத்துக்கு, முதல் விமானத்துக்கு 10,000 மணி நேரம் ஆனால் இரண்டாவதற்கு 8,000, நான்காவதற்கு 6,400, எட்டாவதற்கு 5,120.

சவுத்தாம்ப்டன் 1939 செப்டம்பரில் போர் தொடங்கியபோதே முந்நூறு விமானங்களைக் கடந்து அந்த வளைவில் வெகுதூரம் கீழே இறங்கியிருந்தது. காசில் பிராம்விச் வளைவின் உச்சியில் நின்றுகொண்டிருந்தது. இந்த அனுபவம் வரைபடத் தாளில் மட்டும் இருப்பதில்லை. எந்தத் தகட்டை முதலில் ரிவெட் அடித்தால் அடுத்தது வளையாமல் நிற்கும் என்பது கையில் இருப்பது. அதனால்தான் ஆட்களை ரயிலேற்றி அனுப்ப வேண்டியிருந்தது.

ஸ்பிட்ஃபயரின் இதயமான மெர்லின் எஞ்சின் விஷயத்தில் இதையே ஒழுங்காகச் செய்தார்கள். பிரிட்டிஷ் ஃபோர்டு நிறுவனம் மான்செஸ்டர் அருகே மெர்லின் செய்ய வந்தபோது, ரோல்ஸ் ராய்ஸ் வரைபடங்களை வைத்து எங்களால் செய்ய முடியாது என்றதாம். அவ்வளவு நுட்பம் உங்களால் முடியாதா என்று ரோல்ஸ் ராய்ஸ்காரர்கள் கேட்டார்கள். இல்லை, உங்கள் அளவுகள் எங்களுக்கு மிகத் தளர்வாக இருக்கின்றன என்று பதில் வந்தது! ரோல்ஸ் ராய்ஸில் கைதேர்ந்த ஃபிட்டர் அரம் போட்டு ராவி ஒவ்வொரு பாகத்தையும் பொருத்திவிடுவார். ஃபோர்டில் எந்தப் பாகமும் எதிலும் அப்படியே உட்கார வேண்டும். ரோல்ஸ் ராய்ஸ் பொறியாளர் ஸ்டான்லி ஹூக்கர் தன் நினைவுகளில் சொல்லும் சம்பவம் இது. ஃபோர்டு பொறுமையாக எல்லா வரைபடங்களையும் திரும்ப வரைந்தது. 1941-க்குப் பிறகு அந்த ஆலை 30,000-க்கும் மேற்பட்ட மெர்லின்களைத் தந்தது. அமெரிக்காவின் பாக்கார்ட் கார் நிறுவனம் 55,000-க்கும் மேல் தந்தது. காசில் பிராம்விச்சும் வரைபடத்தைத் திரும்ப வரைந்தது, ஃபோர்டும் வரைந்தது. ஃபோர்டு அதை ரோல்ஸ் ராய்ஸோடு சேர்ந்து, புரிந்துகொண்டு செய்தது. மேலும் அந்த வேலை நடக்கும்போது டெர்பியும் குரூவும் எஞ்சின் கொடுத்துக்கொண்டே இருந்தன.

அமெரிக்காவிலும் ஃபோர்டு இதே பாடத்தை அடிபட்டுத்தான் படித்தது. மிச்சிகனில் வில்லோ ரன் என்ற இடத்தில் மணிக்கு ஒரு குண்டுவீச்சு விமானம் என்று சொல்லி மாபெரும் ஆலை கட்டினார்கள். 1942 இறுதிவரை அங்கே முழுமையாக முடிந்தவை 56 என்பது கணக்கு. மக்கள் அந்த ஊர்ப் பெயரை 'வில் இட் ரன்?' என்று மாற்றிக் கேலி செய்தார்கள். விலை உயர்ந்த எஃகு அச்சுகளைச் செய்து முடிப்பதற்குள் விமானப்படை வடிவத்தை மாற்றிவிடும். தொழிலாளர்களுக்குக் குடியிருக்க வீடும் பக்கத்தில் இல்லை, ஆகவே வருகிற வேகத்தில் ஆட்கள் ஓடினார்கள். மாற்றங்களைப் பிரதான வரிசையில் செய்யாமல், விமானம் முடிந்த பிறகு தனி மையங்களில் செய்வது என்று ஏற்பாடானதும் நிலைமை சீரானது. 1944-ல் சொன்னபடியே மணிக்கு ஒன்று வந்தது. மொத்தம் 8,685.

எதிரி முகாமிலும் இதே வியாதி இருந்தது. ஜெர்மனி மெஸ்ஸர்ஷ்மிட் 210 என்ற விமானத்தை, அதன் மாதிரி ஒருமுறைகூடப் பறப்பதற்கு முன்பே, 1,000 வேண்டும் என்று ஆர்டர் செய்தது. 1939 செப்டம்பரில் பறந்து பார்த்தால் அது வானத்தில் நிலைகொள்ளாத விமானம். வடிவமைப்பாளரின் புகழை நம்பி அச்சு, ஜிக் எல்லாம் செய்தாகிவிட்டது. திருத்திப் பார்த்து, விபத்துகளைப் பார்த்து, 1942-ல் உற்பத்தியை நிறுத்தினார்கள். அவ்வளவும் வீண். காசில் பிராம்விச்சிலாவது விமானம் நல்ல விமானம்.

சலவைக் கடையில் செய்த விமானம்

சவுத்தாம்ப்டனுக்கு என்ன ஆனது? 1940 செப்டம்பர் இறுதியில் ஜெர்மன் குண்டுவீச்சில் சூப்பர்மரைனின் இரண்டு ஆலைகளும் நாசமாயின. அனுபவம் மிக்க தொழிலாளர்கள் பலர் இறந்தார்கள். ஜிக்குகளிலும் மெஷின்களிலும் கணிசமானவை அதற்குள் வேறு இடங்களுக்குப் போயிருந்தது அதிர்ஷ்டம். சவுத்தாம்ப்டன், சாலிஸ்பரி, டிரௌபிரிட்ஜ், ரெடிங் ஆகிய நான்கு ஊர்களையும் சுற்றி, கார் ஷெட், பஸ் டெப்போ, சலவைக் கடை என்று கிடைத்த இடத்திலெல்லாம் வேலையைப் பிரித்துக் கொடுத்தார்கள். ஒரு ஷெட்டில் பெட்ரோல் டேங்க், இன்னொன்றில் உடல் பகுதி. பக்கத்து விமானத் தளத்தில் எல்லாவற்றையும் பூட்டிப் பறக்கவிடுவார்கள். அதுவரை தொழிற்சாலைக்குள் காலே வைக்காத பெண்கள் ஏராளமாக இந்த வேலையில் சேர்ந்தார்கள். புத்தகப்படி பார்த்தால் ஒரே கூரையின் கீழ் உள்ள பெரிய ஆலைதான் சிக்கனமானது, லாரியில் பாகங்களைச் சுமந்து திரிவது வீண் செலவு. ஆனால் குண்டு விழும் நாட்டில் சிக்கனத்தின் பொருளே மாறிவிடுகிறது. நாற்பது ஷெட்டுகளையும் தேடிப்போய்க் குண்டு போட யாராலும் முடியாது. ஸ்பிட்ஃபயர் அந்த வட்டாரத்திலிருந்து வந்துகொண்டே இருந்தது.

காசில் பிராம்விச்சோ, வழிக்கு வந்த பிறகு தன் அளவின் பலனை முழுதாகக் காட்டியது. உச்சத்தில் மாதத்துக்கு 320 விமானம். 1945 ஜூன் மாதம் உற்பத்தி நிற்கும்வரை 12,129 ஸ்பிட்ஃபயர்கள் அங்கே உருவாயின. உலகில் தயாரான எல்லா ஸ்பிட்ஃபயர்களிலும் பாதிக்கு மேல் இந்த ஓர் ஆலையின் பிள்ளைகள். லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானங்களும் சில நூறு செய்தார்கள். அங்கே தலைமைச் சோதனை விமானியாக இருந்த அலெக்ஸ் ஹென்ஷா தான் ஒருவராகவே இரண்டாயிரத்துக்கும் அதிகமான ஸ்பிட்ஃபயர்களைப் பறந்து பார்த்தவர்.

போர் முடிந்ததும் அந்தக் கட்டடங்களில் கார்களுக்கான உடல் பகுதிகளைத் தயாரிக்கும் வேலை தொடங்கியது. பிறகு ஜாகுவார் கார்கள் பல ஆண்டுகள் அங்கே தயாராயின. ஆலைக்கு வெளியே சாலைச் சந்திப்பில் 2000-ஆம் ஆண்டு ஒரு சிற்பம் வைத்தார்கள். மூன்று ஸ்பிட்ஃபயர்கள் மூன்று திசையில் வானத்தை நோக்கிப் பாய்வது போல நிற்கும். அந்தச் சந்திப்புக்கு உள்ளூர்க்காரர்கள் வைத்திருக்கும் பெயர் ஸ்பிட்ஃபயர் ஐலண்ட்.